பழைய போல்ட்டில் மாட்டிய புது ஹீட்டர்

வேலையை விட்டு ஒரு வருஷம் ஆகப் போகிறது. இன்னமும் வாரத்துக்கு ஒன்றிரண்டு போன் வந்துகொண்டுதான் இருக்கிறது. பேசுவது அநேகமாகப் பெண்கள். "அக்கா, கரண்ட் ஹீட்டர எடுத்துட்டு கேஸ் ஹீட்டர் மாட்டலாம்னு இருக்கோம், என்னா சொல்றீங்க?" என்று கேட்பார்கள். கரண்ட் பில் ஜாஸ்தியாக வருகிறது, மழைக்காலத்தில் வோல்டேஜ் நிற்பதில்லை, நாலு பேர் குளிப்பதற்குள் சுடுதண்ணீர் தீர்ந்துவிடுகிறது என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். எல்லாமே நியாயமான காரணங்கள். கேஸ் ஹீட்டர் நல்ல பொருள். குழாயைத் திறந்த உடனே சூடாக வரும், எத்தனை வாளி வேண்டுமானாலும் வரும். அதில் குறை சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

"எங்க மாட்டப் போறீங்க?" என்று மட்டும் கேட்பேன்.

"பழசு இருந்த எடத்துலதான்க்கா. பைப்பு, போல்ட்டு எல்லாம் அங்கயே இருக்குல்ல?"

இந்தப் பதிலைக் கேட்டதும் சிதம்பரத்தில் ஒரு வீடு எனக்கு ஞாபகம் வந்துவிடும். இப்போது தெருவில் பள்ளம் வெட்டி கேஸ் குழாய் பதிக்கிறார்கள். இனி ஹீட்டரை மாற்றுகிறவர்களும் கூடுவார்கள், இந்தப் பதிலும் கூடும். போனில் ஒவ்வொருவரிடமும் அந்த வீட்டுக் கதையைச் சொல்ல எனக்கு வராது. சிறு வயதிலிருந்தே பேசுவதை விட எழுதுவது எனக்குச் சுலபம். அந்தக் குணத்தால் வந்த வினையைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

என் பெயர் அமுதா. பத்தாவது வரை படித்தேன். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு கேஸ் ஏஜென்சியில் சிலிண்டர் பதிவு எழுதும் வேலைக்குச் சேர்ந்தேன். கவுண்டருக்குப் பின்னால் குனிந்து எழுதிக்கொண்டே இருக்கலாம், யாரையும் நிமிர்ந்து பார்க்க வேண்டியதில்லை என்பதே எனக்கு அந்த வேலையில் பிடித்த விஷயம். இரண்டு வருஷம் அப்படி நிம்மதியாகப் போயிற்று. மூன்றாம் வருஷம் வீடு வீடாகப் போய் கேஸ் அடுப்பைச் சோதிக்கும் வேலைக்கு என்னை எடுத்துக்கொண்டார் எங்கள் தலைமை மெக்கானிக் அருளப்பன் சார்.

"என்னால முடியாது சார். எனக்குப் பேச வராது" என்றேன்.

"ஒனக்குப் பேச வராதுன்னு ஊருக்கே தெரியும்மா. நான் பேச்சுப் போட்டிக்கா கூப்புடுறேன்?" என்றார். பிறகு காரணத்தைச் சொன்னார். "நான் ஆம்பள. ஒரு வூட்ல போயி, ஏம்மா நீங்க எப்டி குளிக்கிறீங்க, கதவ சாத்துவீங்களா, ஜன்னல சாத்துவீங்களான்னு கேட்டா, செருப்பு வரும். அதையே நீ கேட்டா பதில் வரும். அந்தப் பதில் நமக்கு வேணும்."

அவர் கடலூர் கத்தோலிக்கப் பங்கைச் சேர்ந்தவர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த பிறகுதான் போனை எடுப்பார். மற்ற ஆறு நாளும் எந்நேரமும் எடுப்பார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. ஒரு வீட்டுக்குள் போனால் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, "அடுப்படிக்குள்ள வரலாமாம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார். ஏதாவது தப்பாக இருந்தால் நின்றுகொண்டு சொல்ல மாட்டார். ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கி, உட்கார்ந்து, பாதி குடித்துவிட்டுச் சொல்வார். "நின்னுக்கிட்டு சொன்னா அதிகாரம். உக்காந்து சொன்னா அக்கற" என்பார். மீதித் தண்ணீரை அவர்கள் ஒத்துக்கொண்ட பிறகுதான் குடிப்பார். ஒரு வீட்டில் அந்த அரை டம்ளரோடு முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம்.

அவர் சோதிக்கும் முறைக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் எதையும் தொடாமல் மூக்கால் பார்க்க வேண்டும். அடுத்து கேஸ் டியூபில் அச்சடித்த தேதி. அடுத்து டியூபை வளைத்து வெடிப்பு இருக்கிறதா என்று பார்ப்பது. அடுத்து சோப்புத் தண்ணீர். பழைய ஷேவிங் பிரஷ் ஒன்று வைத்திருப்பார், அதால் இணைப்பு ஒவ்வொன்றிலும் நுரை தடவி, மனதுக்குள் பத்து எண்ணுவார். குமிழி வரவில்லை என்றால்தான் அடுத்தது. நெருப்பு என்பது அதற்கு முன்னால் வீட்டுக்குள் வரவே கூடாது.

கேஸ் ஹீட்டர் இருக்கும் வீடு என்றால் கடைசியில் இன்னொன்றும் செய்வார். பையிலிருந்து ஒரு ஊதுபத்தியை எடுத்துக் கொளுத்தி வெண்டிலேட்டருக்கு அருகில் பிடிப்பார். புகை எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பார். வெளியே போனால் சரி. அப்படியே தொங்கிக்கொண்டு நின்றால் அந்த இடத்தில் காற்றோட்டம் இல்லை.

"கரண்ட் ஹீட்டருக்கு மூக்கு கெடையாதும்மா. நீ கதவ, ஜன்னல எல்லாத்தையும் சாத்திக்கிட்டு குளி, அது பாட்டுக்கு சூடு பண்ணும். கேஸ் ஹீட்டரு அப்டி இல்ல. எரியறதுக்கு அதுக்குக் காத்து வேணும். ரெண்டு பேரு இருக்கற ரூம்ல ஒரு ஆளுக்குத்தான் காத்துன்னா என்னாவும்? ஹீட்டரு ஒன்ன முந்திக்கும்." காற்றுப் போதாமல் எரியும்போது அது ஒரு விஷக் காற்றை விடும் என்றும், அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது என்றும் சொல்லிக் கொடுத்தார். கேஸ் கசிந்தால் நாற்றம் வரும், ஆள் உஷாராகிவிடலாம். இது கசிவு இல்லை. முதலில் தலைவலிக்கும், வாந்தி வரும். பிறகு கால் தள்ளாடும். அதற்குள் கதவைத் திறந்து வெளியே வராவிட்டால் அவ்வளவுதான். அதனால் ஹீட்டர் குளியலறைக்கு வெளியே, திறந்த இடத்தில்தான் இருக்க வேண்டும். தண்ணீர்க் குழாய் மட்டும் உள்ளே வரட்டும்.

இதெல்லாம் எனக்கு மனப்பாடம். கல்யாணமாகி குமராட்சிப் பக்கம் வந்த பிறகு, அதே முதலாளியின் சிதம்பரம் ஏஜென்சியில் வேலையைத் தொடர்ந்தேன். மினிபஸ்ஸில் வந்து, தெருத் தெருவாக நடந்து, பல வருஷம் பார்த்தேன். என்னைப் பேசாத சோதனைக்காரம்மா என்றுதான் வீடுகளில் சொல்வார்கள். பேசாமலே ஒப்பேற்ற நான் ஒரு வழி வைத்திருந்தேன். சொல்லக் கூச்சமாக இருக்கும் விஷயத்தைச் சோதனைப் படிவத்தின் அடியில் பொடி எழுத்தில் எழுதிவிடுவேன். படித்துத் தெரிந்துகொள்வார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

இனி அந்த வீடு.

ஜவுளிக் கடை வைத்திருக்கும் கோவிந்தராஜ் சாரின் வீடு அது. மனைவி விஜயாக்கா. ஒரே மகள் சுகந்தி, தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். நான் சோதனைக்குப் போனபோது அவளுக்கு ஒன்பதாம் மாதம். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டிருந்த நேரம். மகளுக்காகவே பழைய கரண்ட் ஹீட்டரை எடுத்துவிட்டு, புதிதாகக் கேஸ் ஹீட்டர் வாங்கி மாட்டியிருந்தார்கள்.

"புள்ள பெத்தவளுக்கு ஊத்தறதுன்னா சும்மாவா? ஒடம்பு வலிக்கு அண்டா அண்டாவா வேணும். அந்தக் கரண்ட் ஹீட்டர் ஒரு வாளிக்கே மூச்சு வாங்குது" என்றார் விஜயாக்கா. பெருமையோடு குளியலறைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்.

பழைய ஹீட்டர் தொங்கிய அதே போல்ட்டில் புதியது தொங்கிக்கொண்டிருந்தது. பழையது பெரிதாக இருந்திருக்க வேண்டும். சுவரில் அதன் உருவம் வெள்ளையாகத் தெரிந்தது, புது ஹீட்டர் அதற்குள் பாதிக்குத்தான் இருந்தது. மாட்டிக் கொடுத்தவர் ஒரு தனியார் பிளம்பர். பைப்பும் இருக்கிறது, போல்ட்டும் இருக்கிறது, டைல்ஸ் உடைக்க வேண்டாம் என்று சொல்லி அரை மணியில் முடித்துவிட்டாராம்.

நான் சோப்புத் தண்ணீர் தடவினேன். கசிவு இல்லை. ஊதுபத்தி பிடித்தேன். வெண்டிலேட்டர் வழியாகப் புகை வெளியே போயிற்று. ஹீட்டரைப் போட்டுப் பார்த்தேன். தீ நீலமாக எரிந்தது. கதவு அகலத் திறந்திருந்தது, விஜயாக்கா நிலைப்படியில் நின்று பேசிக்கொண்டே இருந்தார்.

"அக்கா, இது வெளியில இருந்தா நல்லது" என்றேன். என் குரல் தண்ணீர்ச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை.

"என்னாம்மா?"

"இல்ல, வெளியில…"

"வெளியிலயா? மழையில நனைஞ்சி போயிடாது? அதான் இவ்ளோ பெரிய வெண்டிலேட்டரு இருக்குதே" என்றார். அந்தப் பக்கம் சுகந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து போனாள். என்னைப் பார்த்து, "காபி குடிக்கிறீங்களாக்கா?" என்றாள்.

நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். பிள்ளை பெற்ற பிறகு எப்படிக் குளிப்பாட்டுவீர்கள்? அதைக் கேட்பதற்காகத்தான் அருளப்பன் சார் என்னை வேலைக்கு எடுத்தார். எனக்கும் பிள்ளைகள் உண்டு. பச்சை உடம்பில் காற்று படக்கூடாது என்று என் அம்மா என்னை எப்படிக் குளிப்பாட்டினார் என்பதும் தெரியும். கதவு இடுக்கில் கோணி போட்டு, ஜன்னலில் போர்வை கட்டி, எறும்பு நுழைய இடமில்லாமல் அடைத்துவிட்டுத்தான் முதல் சொம்பு ஊற்றுவார். எங்கள் வீட்டில் வெந்நீர் வெளியே விறகடுப்பில் காய்ந்தது. இந்த வீட்டில் தீ உள்ளேயே இருந்தது. இரண்டையும் என் மனசு அன்றைக்குச் சேர்த்துப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும், சந்தோஷமாக நிற்கும் மனுஷியிடம் போய், இன்றைக்கே கழற்றுங்கள் என்று சொல்லியிருப்பேனா? தெரியவில்லை.

படிவத்தில் 'பிற உபகரணங்கள்' என்ற இடத்தில் 'சரி' என்று டிக் போட்டேன். அடியில் பொடி எழுத்தில், 'ஹீட்டரை வெளியே மாற்றினால் நல்லது' என்று எழுதினேன். விஜயாக்கா படிக்காமல் கையெழுத்துப் போட்டார். கார்பன் நகலை அவரிடம் கொடுத்துவிட்டு, காபியைக் குடித்துவிட்டு வந்தேன்.

கார்த்திகையில் ஒரு நாள் காலை பதினொரு மணி இருக்கும். கோவிந்தராஜ் சார் ஆபீசுக்கு வந்தார். கவுண்டரில் இருந்த செந்தில், "என்னா சார், தாத்தா ஆயிட்டீங்களாமே, மிட்டாய் எங்க?" என்றான்.

"குடுக்கறேன்டா. மொதல்ல சிலிண்டர் குடு. அதுக்குள்ள தீந்துபோச்சு. நாளைக்குத் தொட்டில் போடறோம். தாய்க்கும் புள்ளைக்கும் சேத்துத் தலைக்கு ஊத்தணும். பொண்ணு வேற தெம்பே இல்லாம கெடக்கறா. முந்தாநாளு குளிச்சிட்டு வந்து மயக்கம் போட்டு உழுந்துட்டா."

எழுதிக்கொண்டிருந்த நான் நிமிர்ந்தேன்.

"டாக்டர்கிட்ட காட்னீங்களா சார்?" என்றான் செந்தில்.

"காட்னோம். ரத்தம் கம்மின்னு மாத்திர குடுத்திருக்காங்க. ஆனா பாரு, காலைல எல்லாம் நல்லாத்தான் இருக்கறா. குளிச்சா மட்டும் தலவலி, வாந்தி."

அவர் போய்விட்டார். பழைய படிவங்கள் கட்டி வைத்திருந்த அலமாரியில் அந்த வீட்டுப் படிவத்தைத் தேடி எடுத்தேன். அடியில் என் பொடி எழுத்து இருந்தது. செந்திலிடம் விஷயத்தைச் சொன்னேன். அவன் வாங்கிப் பார்த்துவிட்டு, "அதான் எழுதியிருக்கீங்களேக்கா. நம்ம மேல தப்பு வராது" என்றான்.

அந்த ஒரு நிமிஷம் எனக்கு வந்த யோசனையையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். சிலிண்டர் இல்லாவிட்டால் ஹீட்டர் எரியாது. அந்த வீட்டு ரசீதை எடுத்துக் கட்டின் அடியில் சொருகிவிட்டால் நாளைக்கு சிலிண்டர் போகாது. யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. ரசீதைக் கையில் எடுத்தும் விட்டேன். அப்புறம்தான் கடலூரில் இருந்த அருளப்பன் சாருக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"எழுதுனியா, சொன்னியா?"

"எழுதியிருக்கேன் சார்."

"சொன்னியாம்மா?"

நான் கையிலிருந்த ரசீதைப் பார்த்தேன்.

"சார், சிலிண்டர ஒரு ரெண்டு நாளு நிறுத்தி வைக்கட்டுமா?"

"நிறுத்துவ. மூணாம் நாளு?" என்றார். பிறகு, "நான் பஸ் ஏறறன். ஆனா எனக்காகக் காத்துக்கிட்டு இருக்காத. இப்பயே போ. போனா தண்ணி கிண்ணி கேட்டுக்கிட்டு உக்காராத. வாசல்லயே சொல்லு" என்றார். உட்காராமல் சொல்லச் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

ஆட்டோவில் போனேன். வாசல் கதவு திறந்திருந்தது. உள்ளே தண்ணீர் விழும் சத்தமும், ஹீட்டர் எரியும் 'உஸ்' சத்தமும் கேட்டன. எனக்குப் புரியவில்லை. சிலிண்டர்தான் தீர்ந்துவிட்டதே? கூடத்துக்குள் போனேன். அடுப்படியில் சிலிண்டர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. அதை எடுத்து ஹீட்டருக்கு மாட்டியிருந்தார்கள். ரசீதை ஒளித்திருந்தால் எனக்கு இது தெரிந்தே இருக்காது.

கூடத்தில் ஒரு ஸ்டூலில் சுகந்தி துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. பக்கத்தில் பாயில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. விஜயாக்கா குளியலறைக்குள் ஒரு முக்காலியில் ஏறி நின்று, மடித்த பழைய புடவையை வெண்டிலேட்டரில் திணித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, நிறுத்துங்க!"

அந்தச் சத்தம் என்னுடையதுதான். குழந்தை திடுக்கிட்டு அழுதது. விஜயாக்கா முக்காலியிலேயே திரும்பினார்.

"யாரது? ஏம்மா இப்டி கத்தற? பச்சப்புள்ள இருக்கற வூட்ல?"

"அக்கா, சுகந்தி உள்ள போவக் கூடாது. மயக்கம் போட்டது ரத்தம் கம்மியானதால மட்டும் இல்ல. இந்த ஹீட்டரால. வெண்டிலேட்டர அடச்சிட்டீங்கன்னா உள்ள காத்து விஷமாயிடும்க்கா. உயிருக்கே ஆபத்து."

"என்னா ஒளர்ற? கேஸ் லீக்கானா வாசன வராதா? ஒரு வாசனையும் இல்லியே."

"லீக்கு இல்லக்கா. எரியறதுலேர்ந்து வர்றது. அதுக்கு வாசன கெடையாது."

அவர் கீழே இறங்கினார். விறுவிறுவென்று உள் அறைக்குப் போய், ஒரு பிளாஸ்டிக் பையிலிருந்து தாளை எடுத்து வந்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். என் படிவத்தின் கார்பன் நகல்.

"இது யாரு போட்ட டிக்கு? சரின்னு போட்டது நீதானே?"

"அடியில எழுதியிருக்கேன்க்கா, வெளியில மாத்தணும்னு…"

"எங்க? காட்டு."

நான் வாங்கிப் பார்த்தேன். டிக் அழுத்தமாக விழுந்திருந்தது. அடியில் ஒன்றுமில்லை. நான் எழுதிய அழுத்தத்துக்கு, கார்பனைத் தாண்டி ஒரு எழுத்துகூட அடுத்த தாளில் இறங்கவில்லை. வெறும் வெள்ளை.

"நான்தான்க்கா டிக் போட்டேன். தப்பு என்னுதுதான்" என்றேன். "என்னை அப்பறம் திட்டுங்க. இப்ப ஒண்ணு மட்டும் பாருங்க. நீங்க எப்பவும் எப்டி அடைப்பீங்களோ அப்டியே அடைங்க. ஹீட்டர் எரியட்டும். உள்ள யாரும் இருக்க வேணாம். பத்து நிமிஷம்."

கோபத்தோடுதான் செய்தார். வெண்டிலேட்டரில் புடவை, கதவுக்கு வெளியே இடுக்கில் ஈரத் துண்டு. பத்து நிமிஷம் நாங்கள் மூன்று பேரும் கூடத்தில் நின்றோம். குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு சுகந்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நேரம் ஆனதும் கதவைத் திறந்து, சற்று விலகி நின்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு விஜயாக்காவுக்கு ஹீட்டரின் சின்ன ஓட்டையைக் காட்டினேன். நீலமாக இருந்த தீயின் முனைகள் மஞ்சளாகி ஆடிக்கொண்டிருந்தன. உடனே கையைப் பிடித்து அவரை வெளியே இழுத்தேன்.

"அடுப்புல கேஸ் தீரறப்பதான் இப்டி எரியும்" என்றார் அவர், மெதுவாக.

"இங்க தீர்றது கேஸ் இல்லக்கா. காத்து."

அப்போது சுகந்தி பேசினாள். "நான் சொன்னன்லம்மா? ஆஸ்பத்திரியில வெந்நி வச்சு தொடச்சாங்க, அப்பல்லாம் தல வலிக்கல. இங்க வந்து குளிச்சாதான் வலிக்குதுன்னு சொன்னன்ல? நீதான் பச்ச ஒடம்பு அப்டித்தான் இருக்கும்ன."

விஜயாக்கா மகளிடமிருந்து குழந்தையை வாங்கி இறுக்கமாகப் பிடித்துக்கொண்டார். முந்தாநாள் குழந்தையையும் உள்ளே வைத்துக்கொள்ளலாம் என்று எடுத்துப் போனாராம். அழுததால் திரும்பப் பாயில் போட்டுவிட்டு வந்தாராம். இதை என்னிடம் சொல்லவில்லை. குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

நான் ஹீட்டரை அணைத்தேன். அதன் ரெகுலேட்டரைக் கழற்றி என் பையில் போட்டுக்கொண்டேன். ஒரு வீட்டுப் பொருளைக் கேட்காமல் எடுத்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. சிலிண்டரை நகர்த்திக்கொண்டு போய்த் திரும்ப அடுப்பில் மாட்டி, இருந்ததிலேயே பெரிய குண்டானை ஏற்றினேன். வெந்நீரை நானும் விஜயாக்காவும் மாறி மாறிச் சுமந்தோம். புடவையை எடுத்துவிட்ட குளியலறையில் சுகந்தி குளித்தாள். கதவை ஒருக்களித்து வைத்து, நான் வாசலில் முதுகைக் காட்டி நின்றேன். ஒவ்வொரு நிமிஷமும் "சுகந்தி?" என்று கூப்பிட்டேன். ஒவ்வொரு நிமிஷமும் "இருக்கேன்க்கா" என்றாள். நாலாவது தடவை, "செத்துட்டா சொல்லி அனுப்பறேன்க்கா" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. விஜயாக்கா, "வாய மூடுடி" என்று கத்தினார்.

மூன்று மணிக்கு அருளப்பன் சார் வந்து சேர்ந்தார். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, கடையிலிருந்து வந்திருந்த கோவிந்தராஜ் சாரிடம் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு உட்கார்ந்தார். அன்று மாலையே மகளை மறுபடி டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்றும், ஹீட்டர் விஷயத்தை டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்றும் சொன்னார். அவர்கள் போனார்கள். மயங்கி விழுந்த அன்றைக்கு இன்னும் கொஞ்ச நேரம் உள்ளே இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று டாக்டரே பயந்துபோய்ச் சொன்னாராம். தொட்டில் போடுவது ஒரு வாரம் தள்ளிப் போயிற்று.

மறுநாள் நடந்ததை முழுக்க எழுதி முதலாளியிடம் கொடுத்தேன். 'சரி' என்று நான் போட்ட டிக் தவறு என்று கடைசி வரியில் எழுதினேன். இந்தத் தடவை அழுத்தி எழுதினேன். வேலை போய்விடும் என்று நினைத்தேன். அருளப்பன் சார் முதலாளியிடம் என்ன பேசினார் என்று தெரியாது. வெளியே வந்து, "ஒரு மாசம் வெளிய போவாத. கவுண்டர்ல உக்காரு. எழுதற பக்கம் இல்ல, பேசற பக்கம். வர்றவங்க ஒவ்வொருத்தர்கிட்டயும், ஒங்க வூட்ல கேஸ் ஹீட்டர் இருக்கா, எங்க இருக்குன்னு கேக்கணும். வரிசையில கடைசி ஆளுக்குக் கேக்கற மாதிரி கேக்கணும்" என்றார்.

எனக்கு அதை விடப் பெரிய தண்டனை கொடுக்க முடியாது. முதல் நாள் எனக்குக் காய்ச்சலே வந்துவிட்டது. செந்தில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "அக்கா, கேக்கல. அக்கா, இன்னும் கொஞ்சம் சவுண்டு" என்று கேலி செய்வான். ஆனால் அந்த ஒரு மாதத்தில், குளியலறைக்குள் ஹீட்டர் மாட்டியிருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கவுண்டரிலேயே தெரியவந்தார்கள். நான் எதிர்பார்த்ததை விட அதிகம் பேர். எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். பழசு அங்கதான் இருந்துச்சு.

மாதம் முடிந்ததும் முதல் சோதனைக்கு என்னை அனுப்பியது விஜயாக்கா வீட்டுக்கு. ஹீட்டரைப் பின்பக்கச் சுவரில், வெளியே, மேலே சின்னத் தகரம் போட்டு மாற்றிவிட்டார்கள், பார்த்துவிட்டு ரெகுலேட்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வா என்றார்கள்.

விஜயாக்கா கதவைத் திறந்தார். வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நான் பின்பக்கம் போய் வரிசையாக எல்லாவற்றையும் பார்த்தேன். நாலு பக்கமும் திறந்த இடம். குளியலறைக்குள் குழாய் மட்டும் போயிருந்தது. பழைய போல்ட்டை எடுத்துவிட்டு ஓட்டைகளைச் சிமெண்ட்டால் அடைத்திருந்தார்கள். படிவத்தை எழுதி முடித்து நிமிர்ந்தபோது அவர் எதிரே நின்றுகொண்டிருந்தார்.

"ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. அன்னிக்கு மொத தடவ வந்தப்பயே ஒனக்குத் தெரியும்ல?"

"தெரியும்க்கா."

"அப்ப ஏன் வாயத் தொறந்து சொல்லல?"

"கூச்சமா இருந்துச்சுக்கா."

"கூச்சமா?" அவர் குரல் உடைந்தது. "எம்பொண்ணு இங்க, இந்த எடத்துல உழுந்து கெடந்தா. நான் மூஞ்சில தண்ணி தெளிச்சிக்கிட்டு சாமியெல்லாம் கூப்பிட்டேன். ஒனக்குக் கூச்சமா இருந்துச்சா?"

தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் உள்ளே போனார். நான் பையை எடுத்துத் தோளில் மாட்டினேன். அவர் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் டங்கென்று வைத்தார்.

"உக்காரு."

"இல்லக்கா, அடுத்த வூட்டுக்கு…"

"உக்காருன்னு சொல்றன்ல."

உட்கார்ந்தேன். அவர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"இப்ப சொல்லு. இந்த வூட்ல இன்னும் என்னென்னா சொல்லாம வச்சிருக்க?"

நான் திறந்திருந்த அடுப்படிக் கதவு வழியாகப் பார்த்தேன். பிறகு அவரைப் பார்த்தேன்.

"மூணு இருக்குக்கா."

"மூணா!"

உள்ளே சுகந்தி சிரிப்பது கேட்டது. "சொல்லுங்கக்கா, விடாதீங்க" என்றாள்.

"சிலிண்டர் வச்சிருக்கற அலமாரிக் கதவுல, கீழ காத்து போற மாதிரி ஓட்ட போடணும்" என்றேன். அவர் போய்க் கதவைத் திறந்து பார்த்துவிட்டு வந்தார்.

"போடறேன். அடுத்தது?"

"சாமி வெளக்க அடுப்பு மேடையில ஏத்தி வைக்கிறீங்க. அது அங்க இருக்கக் கூடாது. கூடத்துக்கு மாத்தணும்."

சாமி விளக்கைப் பற்றிச் சொன்னதற்குக் கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"சரி. மூணாவது?"

இதுதான் கஷ்டமாக இருந்தது. பொறி பட்டாலே பற்றிக்கொள்ளும் அந்தக் காலத்து நைலக்ஸ் புடவை, முந்தானையைத் தரை வரைக்கும் விட்டுக்கொள்வது அவருக்கு ஒரு அழகு. அதோடுதான் எப்போதும் அடுப்பு முன்னால் நிற்பார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, வரிசையில் கடைசி ஆளுக்குக் கேட்கிற மாதிரி சொன்னேன்.

விஜயாக்கா குனிந்து தன் முந்தானையைப் பார்த்தார். அதை எடுத்துச் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டார்.

"நாலாவது?" என்றார்.